லுட்டீசியம் ஊசி போட்டவர லயத்து வீட்டுல வச்சு பாத்துக்கிறது எப்படி

எங்க அப்பாவுக்கு ரெண்டு தடவ லுட்டீசியம் 177ங்கிற கதிர் வீசுற மருந்த ஊசியில ஏத்தியாச்சு. ப்ரொஸ்டேட் கேன்சர் எலும்பு வரைக்கும் போயி, ஹோர்மோன் ஊசி கேக்காம, கீமோவும் முடிஞ்ச பொறகு சென்னைக்கு கூட்டிட்டு போயித்தான் ஏத்துனோம். ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரில இருந்து வரும்போது கையில ஒரு தாள் குடுத்தாங்க, அதுல தனி ரூம்ல படுக்கணும் தனி பாத்ரூம் பாவிக்கணும்னு எழுதி இருந்திச்சு. எங்க வீடு இலங்கையில ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல லயத்து வீடு, வரிசையா செவரு ஒட்டி கட்டுன வீடுகள்ல ஒன்னு. படுக்க ஒரு காம்பரா, முன்னுக்கு திண்ணை மாதிரி ஒரு ஸ்தோப்பு, பின்னுக்கு இறக்கி கட்டுன அடுப்படி, கக்கூஸ் பக்கத்து வீட்டோட சேத்து ஒன்னு. வீட்டுல அப்பா, அம்மா, அண்ணன், முழுகாம இருக்கிற மதினி, அவங்க மூத்த புள்ள நாலு வயசு, அப்புறம் நான். மொத தடவ அந்த தாள கையில வச்சுக்கிட்டு எங்கன பாய போடுறதுன்னு தெரியாம அண்ணனும் நானும் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ஸ்தோப்புல ஒக்காந்து இருந்தோம்.

நான் டாக்டர் இல்ல, ஸ்கூல்ல சயன்ஸ் படிப்பிக்கிறேன், அவ்வளவுதான். உங்க ஆஸ்பத்திரி தாள்ல வேற மாதிரி இருந்தா அதத்தான் கேக்கணும், நான் சொல்றத இல்ல. ஆனா அந்த தாள்ல உள்ளத லயத்துல எப்படி செய்றதுன்னு எங்களுக்கு சொல்லித்தர ஆள் இருக்கல, அதுக்குத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல சாமான் என்னன்னு தெரிஞ்சுக்கங்க, ஏன்னா வீட்டுல ஒவ்வொருத்தரும் கேப்பாங்க, லயத்துல எல்லாரும் கேப்பாங்க.

ஆவர்த்தன அட்டவணைக்கு கீழ தனியா ரெண்டு வரிசை கெடக்கும்ல, அதுல மேல் வரிசையில கடைசி ஆள்தான் லுட்டீசியம், அணு எண் 71. 1907ல பிரான்ஸ்ல ஜார்ஜ் அர்பேன், ஆஸ்திரியாவுல கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக், அமெரிக்காவுல சார்லஸ் ஜேம்ஸ்னு மூணு பேரு தனித்தனியா கண்டுபுடிச்சாங்க, பேரு வைக்கிறதுல அர்பேன் சொன்னதே நின்னுச்சு, பாரிஸ் ஊருக்கு லத்தீன்ல உள்ள பழைய பேரு லுட்டீசியா, அதுல இருந்து வந்தது. வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கிற உலோகம், ஒரு கன சென்ரிமீட்டர் 9.84 கிராம் வரும், உருக்குறதுக்கு 1,660 பாகை செல்சியஸ் கிட்ட சூடு வேணும், அந்த வரிசையில உள்ள மத்த எல்லாத்த விடவும் கனமானதும் கடைசியா உருகுறதும் இதுதான். அணு எண் ஏற ஏற கருவோட இழுவை கூடுது, உள்ளுக்குள்ள நெரம்புற இலத்திரன்கள் அந்த இழுவைய சரியா மறைக்கிறதில்ல, அதனால ஒவ்வொரு அணுவும் முந்துனத விட கொஞ்சம் சுருங்கி சுருங்கி கடைசில நிக்கிற லுட்டீசியம் ரொம்ப இறுகிப்போன சின்ன அயனா இருக்கு, மூணு நேர் ஏற்றத்தோட. இதத்தான் ஏ.எல். புள்ளைகளுக்கு லந்தனைட்டு சுருக்கம்னு படிப்பிக்கிறது. இந்த சின்ன சைஸும் மூணு ஏற்றமும்தான் மருந்துல வேல செய்யுது. டோட்டான்னு ஒரு மூலக்கூறு இருக்கு, கூடு மாதிரி, அதுக்குள்ள லுட்டீசியத்த போட்டா இறுக்கமா புடிச்சுக்கும், ஒடம்புக்குள்ள எங்கயும் கழண்டு போகாது. அந்த கூட்டுக்கு மறுபக்கம் ஒரு கொக்கி, அது ப்ரொஸ்டேட் கேன்சர் செல் மேல நெறைய இருக்கிற பி.எஸ்.எம்.ஏ.ங்கிற புரதத்துல போயி மாட்டும்.

லுட்டீசியம் எல்லாமே கதிர் வீசுற சாமான் இல்ல, இத அழுத்தி சொல்லுங்க. ஒரே மூலகத்துலயே அணுவோட எடைய வச்சு வகைக்கு ஒரு நம்பர் இருக்கு, மண்ணுல இருக்கிறதுல 97 வீதத்துக்கு மேல 175ங்கிற வகை, அது சும்மா கெடக்கும். மிச்சம் 176, அது பாதியா கொறைய 3,700 கோடி வருசம் கிட்ட ஆகும், அதனால அதுவும் நமக்கு ஒன்னும் செய்யாது. மருந்துல வர்றது 177, ரியாக்டர்ல வச்சு செய்றது, ஒவ்வொரு 6.65 நாளைக்கும் பாதி பாதியா கொறைஞ்சுக்கிட்டே போகும். அது விடுற பீட்டா கதிர் ஒடம்பு தசையில கூடினா 2 மில்லிமீட்டர் தூரம்தான் போகும், அதனால கேன்சர் கட்டியையும் பக்கத்துல கொஞ்சத்தையும் சுடும், அங்குட்டு நிக்கிற நமக்கு அது வராது. கூடவே கொஞ்சம் காமா கதிரும் வருது, அதுதான் ஒடம்ப விட்டு வெளிய வரும், அத வச்சுத்தான் டாக்டர் படம் எடுத்து மருந்து எங்க எங்க ஒட்டி இருக்குன்னு பாக்குறாங்க, நாம தள்ளி இருக்கணும்னு சொல்றதும் அந்த காமாவாலதான்.

அப்பாவுக்கு ஏத்துன அளவு 7.4 ஜிகாபெக்கரல், அது கதிர்வீச்ச அளக்கிற கணக்கு. கலப்பில்லாத 177 மட்டும்னு வச்சு கணக்கு பாத்தேன், 2 மைக்ரோகிராம் கூட வரல. தேயிலை ஃபெக்டரில டஸ்ட் தூள் சலிக்கும்போது கையில ஒட்டுற ஒரு துணுக்கு இருக்கே, அத விட கொறைவு. அப்பா முப்பத்தஞ்சு வருசம் ஃபெக்டரில நின்னவரு, நான் இத சொன்னதும் கைய விரிச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஊசி ஏத்துறப்ப "தண்ணி மாதிரிதானே இருக்கு"ன்னு கேட்டாரு. அவ்வளவு கொஞ்சத்துல எதுக்குமே நெறம் தெரியாதுதான், ஆனா லுட்டீசியத்தோட உப்ப கிலோ கணக்குல எடுத்தாலும் வெள்ளையாத்தான் இருக்கும், அதே வரிசையில உள்ள சில மூலகங்களோட உப்பு பச்சை, ரோசுன்னு இருக்கும்போது இதுல 4எஃப்ங்கிற உள் ஓடு 14 இலத்திரனும் நெரம்பி கெடக்கிறதால நெறம் வராது.

இன்னொன்னும் சொல்லணும். ஊசிக்கு முன்னுக்கு எடுத்த பெட் ஸ்கேன் மெஷின்லயும் லுட்டீசியம் இருக்கும். இப்ப உள்ள நெறைய பெட் மெஷின்கள்ல கதிர் பட்டா மினுக்குற பளிங்கு லுட்டீசியம் சிலிக்கேட்ல செஞ்சது, ஒரு கன சென்ரிமீட்டர் 7.4 கிராம் கனம், அந்த கனத்தாலதான் கதிர தப்ப விடாம புடிக்குது. அது மண்ணுல இருந்து வந்த சாதாரண லுட்டீசியம். கட்டி எங்க இருக்குன்னு காட்டினதும் லுட்டீசியம், போயி அடிச்சதும் லுட்டீசியம். அந்த ஸ்கேன்ல கட்டி நல்லா வெளிச்சமா தெரிஞ்சாத்தான் இந்த ஊசியே குடுப்பாங்க, தெரியலன்னா குடுத்து பிரயோசனம் இல்ல, அதனால கடன் வாங்குறதுக்கு முன்னுக்கு ஸ்கேன் ரிப்போர்ட்ட கேட்டு தெளிவா தெரிஞ்சுக்கங்க. கொடலு, கணையத்துல வர்ற ஒரு வகை கட்டிக்கும் இதே 177 வேற கொக்கியோட வருது, அமெரிக்காவுல அதுக்கு 2018ல அனுமதி குடுத்தாங்க, ப்ரொஸ்டேட்டுக்கு 2022ல.

நாள வாங்குங்க

இந்த முழு விசயத்துலயும் நான் கத்துக்கிட்டது இதுதான். பெரிய வீட்டுக்காரங்க தூரத்த வச்சு சமாளிப்பாங்க, நமக்கு தூரம் இல்ல, நாம நாள வச்சுத்தான் சமாளிக்கணும். மருந்துல கட்டில ஒட்டாத மிச்சம் பெரும்பாலும் மொத ரெண்டு நாள்லயே ஒன்னுக்கு வழியா போயிரும், ஒட்டுனது ஒரு வாரத்துல பாதிக்கு வந்துரும். அதனால ஊசி போட்ட கையோட ஊருக்கு ஓடி வராதீங்க.

மொத தடவ எங்களுக்கு கையில காசு முடிஞ்சிருச்சு, நாலாவது நாளே ஃப்ளைட் ஏறிட்டோம். அப்பாவோட ஈ.பி.எஃப். காசுல மிச்சம் இருந்தத எண்ணி எண்ணி பாத்து எடுத்த முடிவு அது, டாக்டரும் சரின்னுதான் சொன்னாரு, ஆனா வீட்டுல வந்து அந்த புள்ளைய தாத்தா கிட்ட போகாம புடிச்சு வைக்கிறதுக்குள்ள நாங்க பட்ட பாடு பெரும்பாடு. ரெண்டாவது தடவ வேற செலவ கொறைச்சு எட்டு நாள் அங்கயே தங்கினோம். ரூம் எடுக்கும்போது தனி கக்கூஸ் உள்ளதா எடுங்க, லொட்ஜ்காரங்க கிட்ட மறைக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு பக்கத்துல உள்ளவங்களுக்கு இது பழக்கம். கூடப் போற ஆள் முழுகாம இருக்கிறவங்களா இருக்கவே கூடாது.

வெளிய வரும்போது ஒரு லெட்டர் கேட்டு வாங்குங்க, லுட்டீசியம் 177, ஏத்துன திகதி, அளவு, டாக்டரோட ஃபோன் நம்பர், எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கணும். சில ஏர்போர்ட்ல கதிர்வீச்சு புடிக்கிற மெஷின் இருக்கு, அது ரொம்ப நுணுக்கமா புடிக்கும், வாரக்கணக்கு கழிச்சும் கத்தலாம். எங்கள ஒருத்தரும் நிப்பாட்டல, ஆனாலும் லெட்டர் சட்டைப் பையிலதான் இருந்திச்சு. நடுவுல காய்ச்சல்னு நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தாலும் மொதல்ல நீட்ட வேண்டியது அந்த லெட்டரத்தான், ரத்தம் எடுக்கிற நர்ஸுக்கும் தெரியணும்.

கட்டுநாயக்காவுல இருந்து ஹட்டனுக்கு வேன்ல வந்தோம். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனைன்னு வளைவு வளைவா அஞ்சு மணித்தியாலம் கிட்ட ஓடும். அப்பாவ கடைசி சீட்டுல ஒக்கார வச்சிட்டு நாங்க முன்னுக்கு ஒக்காந்தோம். தூரம் ரெண்டு மடங்கானா நம்ம மேல படுறது நாலுல ஒன்னா கொறையும், அதனால வேன்ல ஒரு சீட்டு தள்ளி ஒக்காந்தாலும் அது பெரிய வித்தியாசம். பஸ்ஸுல நெருக்கிக்கிட்டு வராதீங்க, பக்கத்துல இருக்கிற பொம்பள முழுகாம இருக்காளான்னு நமக்கு என்ன தெரியும். போற வழியில ஒன்னுக்கு இருக்க நிப்பாட்டினா ரோட்டோரத்துல வேணாம், கக்கூஸ் உள்ள கடையா பாத்து நிப்பாட்டி நல்லா தண்ணி ஊத்திட்டு வரணும்.

வீட்டுக்கு வந்த பொறகு

எங்க மருந்துக்கு போட்டிருந்த கணக்கு இது. ஊசி போட்ட நாள்ல இருந்து 2 நாளைக்கு பெரியவங்க மூணு அடிக்கு கிட்ட ரொம்ப நேரம் இருக்கக்கூடாது, சின்னப் புள்ளைங்களும் முழுகாம இருக்கிறவங்களும்னா 7 நாள். படுக்கிறது தனி ரூம்ல, பெரியவங்கள விட்டு 3 நாள், புள்ளைங்கள விட்டு 7 நாள், முழுகாம இருக்கிறவங்கள விட்டு 15 நாள். இத கலண்டர்ல பேனாவால வட்டம் போட்டு அடுப்படி செவத்துல மாட்டுங்க, வாய்ல சொன்னா மறந்துருவாங்க, அம்மா அந்த கலண்டர பாத்துத்தான் நாள் எண்ணுவாங்க.

மதினிக்கு 15 நாள்னதும் நாங்க யோசிக்கவே இல்ல, பொகவந்தலாவைக்கு தாய் வீட்டுக்கு போயிட்டாங்க, ரெண்டாவது தடவ மகளையும் கூட்டிக்கிட்டு. இதுல ஒருத்தரும் மனத்தாங்கல் படக்கூடாது, மாமனாருக்கு சொகமில்லாதப்ப மருமக வீட்ட விட்டு போறான்னு லயத்துல ஒரு வாய் சொல்லத்தான் செய்யும், அப்பாவே ஸ்தோப்புல நின்னு "நான்தான் போகச் சொன்னேன்"னு நாலு பேருக்கு கேக்குற மாதிரி சொல்லிட்டாரு, பேச்சு அத்தோட நின்னுச்சு. மொத தடவ புள்ள வீட்டுலயே இருந்திச்சு, அதுதான் கஷ்டம். அப்பாவுக்கு ஸ்தோப்புல கட்டில் போட்டு மூங்கில் தட்டி வச்சு மறைச்சோம், மத்தவங்க காம்பராவோட மறுகோடி செவத்து பக்கம் படுத்தோம். தட்டியோ பலகையோ தகரமோ கதிர பெருசா தடுக்காது, அத நம்பி செவத்துக்கு அந்தப்பக்கம் தலைய ஒட்டி படுத்துறாதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க கட்டில் எங்க கெடக்குன்னும் கேட்டு பாத்துக்கங்க. எங்க செவத்துக்கு மறுபக்கம் அவங்க அரிசி மூட்டதான் இருந்திச்சு.

கக்கூஸ் விசயத்துல வெக்கப்படாம பேசணும். நான் போயி பக்கத்து வீட்டு பெரியம்மா கிட்ட நேரா சொன்னேன், இது தொத்து வியாதி இல்ல, மருந்து ஒன்னுக்குல போகுது, ஒரு வாரத்துக்கு அப்பா போனா ரெண்டு வாளி தண்ணி ஊத்துவோம், நாங்களே கழுவுவோம்னு. அவங்க கேட்டது ஒன்னே ஒன்னுதான், "தண்ணி யாரு தூக்குறது?" அண்ணன் வேலைக்கு போக முந்தி, எல்லாரும் தண்ணி புடிக்கிற பீலில இருந்து ரெண்டு ட்ரம் நெரப்பி வச்சிட்டு போவாரு. ஆம்பளைங்களும் ஒக்காந்துதான் ஒன்னுக்கு இருக்கணும், நின்னா தெறிக்கும். முடிஞ்சதும் ஒரு வாளி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாளி, பொறகு சவுக்காரம் போட்டு கை கழுவணும். ராத்திரி குளிருக்கு வெளிய போகாம போத்தல்ல இருக்கிற பழக்கம் இருந்தா அத கையுறை போட்டு எடுத்து கக்கூஸ்லதான் ஊத்தணும், வீட்டுக்கு முன்னால தண்ணி ஓடுற கான்ல ஊத்தக்கூடாது. நெறைய தண்ணி குடிக்க வைங்க. நம்ம பக்கம் குளிருக்கு வயசானவங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க, நாங்க ஃப்ளாஸ்க்ல சுடுதண்ணி வச்சு மணிக்கு ஒரு க்ளாஸ்னு குடுத்தோம்.

வெத்தல பத்தி ஒருத்தரும் சொல்லல, எங்க தாள்லயும் இல்ல. இந்த மருந்து எச்சி சொரப்பிகள்லயும் போயி ஒட்டும், மொத நாள்கள்ல எச்சில்லயும் மருந்து இருக்கும். அப்பா வெத்தல போட்டுட்டு ஸ்தோப்பு ஓரமா கான்ல துப்புற ஆள், அந்த கான் பக்கம்தான் லயத்து புள்ளைங்க அத்தனையும் வெளையாடும். ஒரு வாரத்துக்கு வெத்தலைய நிப்பாட்டுங்க, முடியவே இல்லன்னா கக்கூஸ்ல போயி துப்பி தண்ணி ஊத்தட்டும். அந்த சொரப்பி அடி வாங்குறதால வாயும் காஞ்சு போகும், ரெண்டாவது தடவைக்கு பொறகு அப்பாவால ரொட்டி சாப்புட முடியல. காலைல கோதுமை ரொட்டியும் சம்பலும் இல்லாம அவருக்கு பொழுது விடிஞ்சதே இல்ல, ஒரு துண்டு பிச்சு வாய்ல வச்சா அது ஈரமே ஆகாம அப்புடியே நிக்குது, மென்னு மென்னு கண்ணுல தண்ணி வந்திருச்சு, அம்மா தட்ட வாங்கிட்டு போயி மிச்சத்த பருப்பு தண்ணில ஊறப்போட்டு கொண்டாந்தாங்க. அதுல இருந்து கொழைஞ்ச சோறு, பருப்பு, பால் கஞ்சி, ரசம், இதுதான். உறைப்ப கொறைங்க, பக்கத்துல எப்பவும் தண்ணி வைங்க.

தட்டு, கோப்பை, தொவாய் எல்லாம் ஒரு வாரத்துக்கு தனியா வைங்க. உடுப்ப பீலிக்கரைக்கு கொண்டு போகாதீங்க, வீட்டுக்கு பின்னால வாளில வச்சு கையுறை போட்டு தனியா தொவைச்சு அந்த தண்ணிய கக்கூஸ்ல ஊத்துங்க. அவரு சமைச்ச சாமான், தொட்ட சாமான்னு ஒதுக்க வேணாம், தட்ட கழுவினா அதே தட்டுதான். கிட்ட போயி ரெண்டு நிமிசம் மருந்து குடுக்கிறதாலயோ கை புடிச்சு எழுப்பி விடுறதாலயோ ஒன்னும் ஆகாது, நேரம் கொறைவுதான முக்கியம். அம்மா மொத நாள்ல சாப்பாட்ட தரையில வச்சு தள்ளி விட்டாங்க, அப்பா மொகம் சுண்டிப் போச்சு. அப்புடி செய்யாதீங்க. கையில குடுங்க, குடுத்துட்டு தள்ளிப் போயி வாசப்படில ஒக்காந்து பேசிக்கிட்டு இருங்க.

லயத்துல சிலபேரு கரண்ட் வச்ச ஒடம்புன்னு பயந்து அந்தப்பக்கமா போனாங்க. அவங்களுக்கு நான் சொன்னது நம்ம ஆத்து கல்ல பத்தி. மழை விட்டதும் ஆத்து மணல்ல செவப்பா மினுங்குற சின்னச் சின்ன கல்லு இருக்கும்ல, கார்னெட், அது வளரும்போதே லுட்டீசியத்த உள்ள இழுத்து வச்சுக்கிற கல்லு, ரொம்ப ரொம்ப கொஞ்சம்தான், ஆனா இருக்கு. அதுல உள்ள 176 மெதுவா ஹாப்னியமா மாறுறத அளந்துதான் புவியியல்காரங்க கார்னெட்டுக்கு வயசு சொல்றாங்க, நம்ம மலைப்பாறைங்க சூட்டுலயும் அழுத்தத்துலயும் இப்புடி உருமாறினது 55 கோடில இருந்து 60 கோடி வருசத்துக்கு முன்னுக்கு. நம்ம பக்கத்து பாறைங்களுக்கு கதிர் வீசுற சாமானெல்லாம் அன்னியம் இல்ல, 1904லயே ஆனந்த குமாரசுவாமி சப்ரகமுவ பக்கம் தோரியனைட்டுங்கிற கதிர் வீசுற கனிமத்த கண்டுபுடிச்சாரு. அந்த கல்லுல உள்ளதும் அப்பா ஒடம்புல உள்ளதும் ஒரே மூலகம், ஆனா கல்லுல உள்ளது கோடி வருசம் கெடக்கும், அப்பாவோடது ரெண்டு மாசத்துல ஆயிரத்துல ஒரு பங்கு ஆயிரும். பக்கத்து வீட்டு மாமா மறுநாளே ஸ்தோப்புல வந்து ஒக்காந்துட்டாரு, ஒரு ஆள் தூரம் விட்டுத்தான்.

அடுத்த ஊசி 6 கிழமைக்கு ஒரு தடவ, கூடினது 6 தடவ வரைக்கும். நடுவுல ரத்தத்துல அணுக்கள் கொறையலாம், ரத்த அணுக்கள எண்ணுற எஃப்.பி.சி.யும் கிட்னிக்கு பாக்குற கிரியாட்டினினும் பாக்க சொல்லுவாங்க. இத டவுன் ஆஸ்பத்திரிலயே எடுக்கலாம். சோர்வு கூடுனாலோ, மூக்குல பல்லு ஓரத்துல ரத்தம் கசிஞ்சாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த கிளினிக் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காம அன்னைக்கே போகணும். எங்களுக்கு மூணாவது ஊசிக்கு பிளேட்லட் கொறைஞ்சிருக்குன்னு ரெண்டு கிழமை தள்ளிப் போட்டிருக்காங்க, டிக்கெட் எடுத்திருந்தா அந்த காசு போயிருக்கும். ரிப்போர்ட்ட ஃபோட்டோ எடுத்து அங்க உள்ள டாக்டருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி, வாங்கன்னு அவரு எழுதின பொறகு டிக்கெட் போடுங்க.